கேமராக் கேள்விகள்: இந்த இதழில் ஃபிஷ்ஐ லென்ஸ்

சென்ற இதழில் வைத்திக்குப்பம் மாசிமகத் தீர்த்தவாரிப் படம் ஒன்று இந்தப் பகுதியில் வந்தது. ஃபிஷ்ஐ லென்ஸில் எடுத்தது என்று கீழே ஒரு வரி போட்டிருந்தோம். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொண்டு, இந்த முறை மிக அகலமாகப் பார்க்கும் இந்தச் சின்ன லென்ஸைப் பற்றி மட்டும் பேசுவோம்.

என் மகன் ஒலிம்பஸ் கேமராவுக்கு 9 மி.மீ. ஃபிஷ்ஐ லென்ஸ் வாங்கி அனுப்பினான். பார்த்தால் கேமராவின் வாய்க்குப் போடுகிற மூடி மாதிரிதான் இருக்கிறது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் எடுத்த அத்தனை படத்திலும் கடல் வளைந்திருக்கிறது. காந்தி சிலையைச் சுற்றியுள்ள தூண்கள் வில்லாக நிற்கின்றன. லென்ஸில் ஏதாவது கோளாறா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், மஞ்சக்குப்பம், கடலூர்*

லென்ஸ் நன்றாகவே இருக்கிறது ஐயா. மூடிக்குப் பதிலாக எப்போதும் கேமராவிலேயே மாட்டி வைத்துக்கொள்ளத்தான் அதை அப்படிச் செய்தார்கள். தடிமன் 12.8 மி.மீ., எடை சுமார் 30 கிராம். சட்டைப் பையில் போட்டால் இருப்பதே தெரியாது. ஒளி நுழையும் துளையின் அளவு எஃப் 8 ஒன்றுதான், மாற்ற முடியாது. மூலைக்கு மூலை 140 டிகிரி பார்க்கும்.

வளைவுக்கு வருவோம். சாதாரண லென்ஸ், நேர்கோடு படத்தில் எங்கே விழுந்தாலும் நேராகவே காட்டும்படி செய்யப்பட்டது. ஃபிஷ்ஐ லென்ஸ் அந்தப் பொறுப்பை விட்டுவிட்டு, பார்வையின் அகலத்தை எடுத்துக்கொண்டது. ஆனாலும் படத்தின் நடுப்புள்ளி வழியாகப் போகிற கோட்டை அது வளைக்காது. குறுக்கே போனாலும் சரி, நெடுக்கே போனாலும் சரி, சாய்ந்து போனாலும் சரி, அந்தக் கோடு நேராகவே இருக்கும். நடுவை விட்டு விலக விலகத்தான் வளைவு கூடும்.

காலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகள் விடுவதற்கு முன் மறுபடி போய் மூன்றே படம் எடுங்கள். முதல் படத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைச் சரியாக நடுவில் வையுங்கள். ரூல் தடி வைத்துக் கோடு போட்டதுபோல் வரும். இரண்டாவதில் கேமராவைக் கொஞ்சம் கீழே சாயுங்கள். கோடு மேலே ஏறி, நடுப்பகுதி தூக்கி, உலக உருண்டையின் முதுகு மாதிரி ஆகும். மூன்றாவதில் மேலே தூக்குங்கள். கோடு கிண்ணம்போலக் குழியும். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வளைவு எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்வது உங்கள் மணிக்கட்டுதான் என்பது தெரிந்துவிடும். செஞ்சியிலிருந்து வந்த அந்தத் தூண்களும் அப்படித்தான். இடப்பக்கத் தூணும் வலப்பக்கத் தூணும் ஒரு ஜோடி அடைப்புக்குறி மாதிரி வளையும், நடுவில் காந்தி நிமிர்ந்து நிற்பார். எனக்கு அந்தப் படம் பிடிக்கும்.

இன்னொன்று. உங்கள் கேமராவுக்குள்ளேயே கைநடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி இருந்தால், மெனுவில் குவியத் தூரம் 9 என்று நீங்களே கொடுத்துவிடுங்கள். இந்த லென்ஸுக்கு மின்தொடர்பு கிடையாது. மாட்டியிருப்பது எந்த லென்ஸ் என்று கேமராவுக்குத் தெரியாது.

மீனுக்கும் இந்த லென்ஸுக்கும் என்ன சம்பந்தம்? மீன் உலகத்தை இப்படித்தான் பார்க்கிறதா?
*பிளஸ் டூ மாணவி, லாஸ்பேட்டை*

உனக்கு நீச்சல் தெரியுமா? தெரிந்தால் ஒரு முறை அலையில்லாத நீருக்குள் மூழ்கி, கண்ணைத் திறந்து, மல்லாந்து மேலே பார். எங்கள் பாட்டி ஊரில் பெரிய வட்டக் கிணறு இருந்தது. பத்து வயதில் அதில் குதித்து அடியில் போய் மேலே பார்த்தபோது, கிணற்றின் சுவர், துலாக்கட்டை, எட்டிப் பார்த்த தென்னை, கரையில் நின்று கத்திய அண்ணன்கள் எல்லோரும் தலைக்கு மேலே ஒரே வெளிச்ச வட்டத்துக்குள் இருந்தார்கள். வட்டத்துக்கு வெளியே பச்சை இருட்டு. அன்று அதற்குக் காரணம் தெரியாது, ஆனால் அதை மறக்கவேயில்லை.

காரணம் ஒளி விலகல். பாடத்தில் படித்திருப்பாய். தண்ணீருக்கு வெளியே 180 டிகிரிக்குப் பரந்து கிடக்கிற அத்தனையும், நீருக்குள் நுழையும்போது வளைந்து, சுமார் 97 டிகிரிக் கூம்புக்குள் அடங்கிவிடுகிறது. நீருக்கடியில் இருந்து பார்ப்பவருக்கு அது ஒரு வட்ட ஜன்னல். அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1906-இல் இதைப் படமாக எடுத்துக் காட்டினார். ஒரு வாளியின் அடியில் படத்தகடு, பாதி உயரத்தில் ஊசித்துளை வைத்த சின்ன லென்ஸ், வாளி நிறையத் தண்ணீர், அலை எழும்பாமல் இருக்க விளிம்பில் ஒரு கண்ணாடித் தகடு. அவ்வளவுதான் அவருடைய கேமரா. மீன்கண் பார்வை என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

அப்புறம் 1920-களில் இங்கிலாந்தில் ராபின் ஹில் என்பவர் தண்ணீரை விட்டுவிட்டுக் கண்ணாடியிலேயே இதைச் செய்தார். மேகங்களை வானம் முழுவதும் ஒரே படத்தில் பதிவு செய்வது நோக்கம். ஆக, இந்த லென்ஸ் முதலில் வேலை பார்த்தது வானிலைக்காரர்களிடம். புயல் வந்து போகிற நம் கரையில் இருக்கிற எனக்கு இந்தச் செய்தி எப்போதும் ஒரு நெருக்கத்தைத் தருகிறது. 1962-இல் நிக்கான் தன் கேமராவுக்கு 8 மி.மீ. ஃபிஷ்ஐ லென்ஸ் கொண்டுவந்தது. அதன் பின்பகுதி கேமராவுக்குள் நீளமாகப் போகும் என்பதால், உள்ளே இருக்கும் மிரர் கண்ணாடியைத் தூக்கிப் பூட்டிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். வ்யூஃபைண்டரில் எதுவும் தெரியாது. இன்று கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் வந்துவிட்டதால் அந்தச் சிக்கல் இல்லை. லென்ஸ் சென்சாருக்குப் பக்கத்திலேயே உட்காரலாம். இத்தனை சின்ன ஃபிஷ்ஐகள் இன்று கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கல்யாண மண்டபத்தில் மேடை சின்னது, சொந்தபந்தம் அதிகம். குரூப் போட்டோவுக்கு ஃபிஷ்ஐ வாங்கினால் எல்லோரும் அடங்கிவிடுவார்கள் அல்லவா? 7.5 மி.மீ. மேனுவல் லென்ஸ் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.
*கல்யாண போட்டோகிராபர், பண்ருட்டி*

தம்பி, அடக்குவதற்காக மட்டும் வாங்காதீர்கள். வந்த கடிதங்களில் பாதி இந்தக் கேள்விதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஃபிஷ்ஐ எல்லாவற்றையும் அடக்கும், உண்மைதான். ஆனால் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கிறவரைக்கூடச் சின்னதாக்கிவிடும். மேடையில் முப்பது பேர் வரிசையாக நின்றால் முப்பது தலையும் இருக்கும், ஒரு முகத்திலும் உணர்ச்சி தெரியாது. வரிசை வேறு கப்பல்போல் வளைந்துவிடும். பெண்ணின் மாமா அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னால் என்ன செய்வீர்கள்?

ஆனாலும் இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. சாதாரண அல்ட்ரா வைட் லென்ஸில் ஓரத்தில் நிற்பவர் பக்கவாட்டில் இழுபட்டுப் பூசணிக்காயாக ஆகிவிடுவார். கோடுகளை நேராக வைத்திருக்க அந்த லென்ஸ் கொடுக்கிற விலை அது. ஃபிஷ்ஐயில் ஓரத்து ஆள் சாய்வார், வளைவார், ஆனால் முகம் அவ்வளவு இழுபடாது. சம்யாங் 8 மி.மீ. போன்ற சிலவற்றில் ஓரத்து முகம் உள்ளதுபோலவே நிற்கும்.

அதனால் ஆட்களை நேர் வரிசையில் நிறுத்தாமல், உங்களைச் சுற்றி அரை வட்டமாக நிறுத்துங்கள். எல்லோரும் உங்களிடமிருந்து ஒரே தூரத்தில், ஒன்றரை மீட்டருக்குள். கேமரா நெஞ்சு உயரத்தில், துளிகூடச் சாயாமல். பந்தியில் இலை போட்டு உட்கார்ந்திருக்கும்போது இலைகளுக்கு நடுவில் கேமராவை நீட்டுங்கள். தாலி கட்டும் நேரத்தில் அட்சதை போட எழும்பும் கைகளுக்கு அடியில் நின்று மேல்நோக்கி எடுங்கள். கைகள் எல்லாம் நடுவை நோக்கி வளைந்து வரும், அரிசி பூமழையாக இறங்கும். இந்த மாதிரிப் படத்துக்காக வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை, என் அனுபவத்திலிருந்து. இந்த லென்ஸ் வாங்கிய புதிதில் ஒரு முகூர்த்தத்தில் மணப்பெண்ணின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து எடுத்தேன். மூக்கு முன்னால் வந்து, நெற்றி பின்னால் ஓடி, சுட்டி ஏதோ மூலையில் கிடந்தது. எனக்கு அது புதுமையாகத் தெரிந்தது, ஆல்பத்தில் வைத்துவிட்டேன். பெண்ணின் அம்மா அந்தப் பக்கம் வந்ததும் நிறுத்தினார். ஒன்றும் சொல்லவில்லை, விரலால் படத்தை மூடினார். அன்றே அந்தப் பக்கத்தைப் பிரித்து எடுத்தேன். அதற்குப் பிறகு ஒருவருடைய முகத்தைச் சட்டத்தின் நடுவில், கை எட்டும் தூரத்துக்குள் ஃபிஷ்ஐயில் எடுத்ததில்லை. கைகளை எடுப்பேன், பாதங்களை எடுப்பேன், மருதாணியை எடுப்பேன். முகத்துக்கு வேறு லென்ஸ் இருக்கிறது.

செல்போனில் மாட்டும் கிளிப் ஃபிஷ்ஐ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே, போதாதா?
*வாசகர், நெல்லிக்குப்பம்*

பிள்ளைகள் விளையாடிக் கற்றுக்கொள்ளப் போதும். ஓரங்கள் குழம்பும், சுற்றிலும் கறுப்பு வட்டம் விழும். அதில் ஒரு மாதம் எடுத்துப் பாருங்கள். இன்னும் கிட்டே போக வேண்டும் என்ற ஆசை வந்தால் அப்போது கேமராவுக்கு வாங்கலாம்.

ஆட்டோஃபோகஸ் இல்லாத லென்ஸில் ஓடுகிற குழந்தையை எப்படி எடுப்பது? என் கேமராவில் மாட்டினால் ஷட்டரே விழ மறுக்கிறது.
*இளம் தாய், முத்தியால்பேட்டை*

ஷட்டருக்கு மெனுவில் மருந்து இருக்கிறது. லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் விழட்டும் என்ற பொருளில் ஒரு வசதி இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். மின்தொடர்பு இல்லாத லென்ஸை மாட்டினால், லென்ஸே இல்லை என்று கேமரா நினைத்துக்கொள்கிறது.

ஃபோகஸைப் பற்றிக் கவலையே வேண்டாம். இவ்வளவு அகலமான லென்ஸில் தெளிவு விழும் ஆழம் மிக அதிகம். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற சிறு சென்சார் கேமராவில் 7.5 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் வைத்து, ஃபோகஸ் வளையத்தை அரை மீட்டரில் நிறுத்திவிட்டால், சுமார் 25 சென்டிமீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாம் தெளிவாக விழும். ஒரு துண்டு டேப் ஒட்டி அந்த வளையத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். வளையத்தில் அச்சிட்ட எண் சில லென்ஸ்களில் கொஞ்சம் தப்பாக இருக்கும். அதனால் வாங்கியதும் ஒரு இரவு தூரத்து விளக்கைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்து, முடிவிலி எங்கே நிற்கிறது என்று ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

ஷட்டர் வேகம் 1/500 விநாடி, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) ஆட்டோ. பிறகு நீங்கள் தரையில் உட்கார்ந்துவிடுங்கள், குழந்தை உங்களைச் சுற்றி ஓடட்டும். வ்யூஃபைண்டரில் கண் வைக்க வேண்டாம். உங்கள் காலும், கேமரா வாரும், லென்ஸைப் பிடித்திருக்கும் விரலும் படத்தில் வந்துவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாற்பது வருடமாகப் பாடலீஸ்வரரைத் தினம் கும்பிடுகிறவன் நான். ஒரு பையன் எங்கள் ராஜகோபுரத்தை இந்த லென்ஸில் எடுத்து, வாழைப்பழம் மாதிரி வளைத்துக் காலண்டர் போட்டிருக்கிறான். மனசு வலிக்கிறது. இது கலையா?
*வாசகர், திருப்பாதிரிப்புலியூர்*

உங்கள் வலி எனக்குப் புரிகிறது ஐயா. கோபுரம் நிமிர்ந்து நிற்பதற்காகவே கட்டப்பட்டது. அதைக் காரணமில்லாமல் சாய்ப்பது எனக்கும் பிடிக்காது. அந்தப் பையனை நீங்கள் நேரில் பார்த்தால் இரண்டு விஷயம் சொல்லுங்கள்.

கோபுரத்தின் நடுக்கோட்டில், வாசலுக்கு நேராக நின்று, கலசத்திலிருந்து வாசற்படி வரை உள்ள கோட்டைப் படத்தின் நட்டநடுவில் நிறுத்தினால் கோபுரம் வளையாது. இரண்டு பக்கமும் வீதி வளைந்து வந்து அதைச் சூழ்ந்து நிற்கும், பூக்கடைகள் இரு கைபோல வரும். ஒரு அடி இடமோ வலமோ நகர்ந்தாலும் போச்சு.

இரண்டாவது, கோபுரத்துக்கு உள்ளே நுழையும் வழியில் நின்று அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். இருபுறச் சுவர், மேலே விதானக் கல், முன்னும் பின்னும் வெளிச்சம் எல்லாம் சேர்ந்து ஒரு சதுரமாக விழும். இந்த லென்ஸ் இல்லாமல் அதை ஒரே படத்தில் எடுக்க முடியாது. அனுமதி கேட்டுத்தான் எடுக்க வேண்டும். சன்னிதிப் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. தூரத்திலிருந்து கோபுரம் முழுவதும் வேண்டுமென்றால், சாதாரண லென்ஸுடன் வீதிக் கோடிக்குப் போகட்டும்.

வளைந்த படத்தை கம்ப்யூட்டரில் நேராக்க முடியுமாமே? அப்படியானால் ஒரே லென்ஸில் இரண்டு வேலையும் முடிந்துவிடுமே.
*பொறியியல் மாணவர், காலாப்பட்டு*

முடியும். ஹியூஜின் என்ற இலவச மென்பொருளே செய்யும். ஆனால் அதன் கணக்கைப் புரிந்துகொண்டு செய்யுங்கள். சாதாரண லென்ஸில், நடுவிலிருந்து ஒரு புள்ளி எவ்வளவு தள்ளி விழும் என்பது கோணத்தின் டேன்ஜென்ட்டைப் பொறுத்தது. 90 டிகிரிக்கு டேன்ஜென்ட் முடிவிலி என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் 180 டிகிரிப் படத்தை முழுவதும் தட்டையாக்க எந்தக் காகிதமும் போதாது. சாத்துக்குடித் தோலை முழுசாக உரித்து மேசையில் தட்டையாக வைக்கப் பார்த்தால் ஓரம் கிழியும் இல்லையா, அதே கதைதான். மென்பொருள் மூலைகளை வெட்டி எறியும், மீதி ஓரத்தை இழுத்துக் கூழாக்கும்.

எப்போதாவது ஒரு படத்துக்குச் செய்யலாம். எல்லாப் படத்தையும் நேராக்க வேண்டும் என்று தோன்றினால், உங்களுக்கு வேண்டியது வைட் ஆங்கிள் லென்ஸ். அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் மீனவர்களைப் படமெடுக்க ஆசை. கிட்டே போகக் கூச்சம். தூரத்திலிருந்து எடுத்தால் உங்கள் படம் மாதிரி வரவில்லை. கடல் காற்றில் லென்ஸும் பிசுபிசுக்கிறது.
*வங்கி ஊழியர், கடலூர் முதுநகர்*

கூச்சம்தான் உங்கள் படத்தைக் கெடுக்கிறது. இந்த லென்ஸ் தூரத்தை மன்னிக்காது.

அதே தேவனாம்பட்டினத்தில் ஒரு பெரியவர் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். கால் கட்டைவிரலில் வலையின் ஒரு முனையை மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். வலது கையில் நைலான் நூல் சுற்றிய தட்டையான ஊசி. ஒவ்வொரு முடிச்சுக்கும் ஊசி ஒரு கண்ணுக்குள் போய், வளைந்து வந்து, இடது கை விரலைச் சுற்றி இறுகும். நான் முதல் நாள் பத்தடி தள்ளி நின்று எடுத்தேன். படத்தில் நிறைய மணலும் ஒரு சின்ன மனிதரும் இருந்தார்கள். அடுத்த நாள் கேமராவை எடுக்காமலே போனேன். "உட்காரட்டுமா பெரியப்பா?" என்றேன். "உக்காரு, வலைமேல காலை வைக்காத" என்றார். அரை மணி நேரம் பேசினோம். எந்த மாதம் காற்று திரும்பும், எந்தக் கண்ணளவு வலையில் எந்த மீன் விழும் என்றெல்லாம் சொன்னார். மூன்றாம் நாள் கேமராவுடன் போய் அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபோது, அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. ஊசி பிடித்த கைக்கு இருபது சென்டிமீட்டர் தூரத்தில் லென்ஸ். நீல வலை படத்தின் அடி முழுவதும் அலைபோல வழிந்து வந்தது. வெடித்த நகம், நூல் அறுத்து அறுத்துக் காய்த்த விரல், அதற்கு மேலே அவர் தாடை, பின்னால் ஃபைபர் படகுகள், கடல், வானம். அவர் இருக்கிற உலகம் முழுவதும் அந்தக் கையைச் சுற்றி நின்றது. வேறு எந்த லென்ஸிலும் அந்தக் கையும் அந்தக் கடலும் ஒரே படத்தில் இப்படி வந்திருக்காது.

அதனால், முதலில் போய் உட்காருங்கள். "அண்ணே, எடுக்கட்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் டீ குடித்துவிட்டு வாருங்கள். எடுத்த படத்தை பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். இது கட்டாயம். அந்தப் பெரியவர் வீட்டில் அந்தப் படம் இன்னும் மாட்டியிருக்கிறது.

பிசுபிசுப்பு உப்புத்தூள். ஃபிஷ்ஐயின் முன்கண்ணாடி முட்டைபோல் புடைத்திருக்கும், அதனால் பெரும்பாலானவற்றில் ஃபில்டர் மாட்ட முடியாது. கண்ணாடியே நேராகக் காற்றை வாங்கும். துணியால் உடனே தேய்க்காதீர்கள், மணல் துகள் கீறிவிடும். முதலில் ரப்பர் ப்ளோயரால் நன்றாக ஊதுங்கள். பிறகு மைக்ரோ ஃபைபர் துணியில் லென்ஸ் திரவம் ஒரு சொட்டு விட்டு, நடுவிலிருந்து வெளியே சுற்றிச் சுற்றித் துடையுங்கள். எடுக்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் மூடி போட்டே இருக்கட்டும். கை வேட்டி முனையைத் தேடிப் போகும், போக விடாதீர்கள்.

பிச்சாவரத்துக்கு எடுத்துப் போகலாமா?
*வாசகி, சிதம்பரம்*

கட்டாயம். பெரிய வாய்க்காலில் எடுக்காதீர்கள், வெறும் தண்ணீரும் வானமும்தான் வரும். துடுப்புப் படகு குறுகிய வாய்க்காலுக்குள் நுழைந்து, சுரபுன்னைக் கிளைகள் தலைக்கு மேல் கோத்துக்கொள்கிற இடத்தில், படகின் மூக்கில் உட்கார்ந்து எடுங்கள். தண்ணீர் மட்டத்துக்குக் கையைத் தாழ்த்துங்கள், வேர்கள் இரண்டு பக்கமும் விலா எலும்புபோல வளைந்து வரும். கேமரா வாரைக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு தமிழர் பகுதியில் இருக்கிறது. தாத்தா கட்டியது. வெளியே திண்ணையும் தாழ்வாரமும், உள்ளே முற்றமும் மரத்தூண்களும் உள்ள வீடு. பாகம் பிரித்து விற்கிறோம். வாங்குகிறவர்கள் இடித்துவிடுவார்கள். அதற்கு முன் முற்றத்தைப் படமெடுத்து வைக்க வேண்டும். எந்தப் போனில் எடுத்தாலும் ஒரு தூணோ அரைத் தூணோதான் வருகிறது. பேத்தியிடம் இந்த லென்ஸ் இருக்கிறது. எப்படி எடுப்பது?
*வாசகி, ஈஸ்வரன் கோயில் வீதி, புதுச்சேரி*

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் பேத்திக்கு எழுதுவதாக நினைத்து எழுதுகிறேன்.

முற்றத்தின் நடுவைக் கண்டுபிடி. எதிரெதிர் மூலைகளுக்குக் குறுக்கே இரண்டு கயிறு கட்டினால், அவை வெட்டிக்கொள்ளும் இடம் நடு. அங்கே தரையில் ஒரு மடித்த துணி போட்டு, கேமராவை வானத்தைப் பார்த்து மல்லாக்க வை. பத்து விநாடி டைமர் போட்டுவிட்டு ஓடி அறைக்குள் மறைந்துகொள், இல்லாவிட்டால் நீயும் வந்துவிடுவாய். நாலு பக்க ஓட்டுச் சரிவும் நடுவில் ஒரு சதுர வானமும், சுற்றிலும் தூண்கள் மலர் இதழ் மாதிரி விரிந்தும் வரும். உன் கொள்ளுத்தாத்தாவின் தச்சர் கண்ணில் இருந்த வடிவம் அதுதான்.

வெளிச்சம்தான் சிக்கல். பட்டப்பகலில் முற்றம் எரியும், தாழ்வாரம் கறுக்கும். விளக்கு வைக்கிற நேரத்தில் எடு. சூரியன் இறங்கி வானம் நீலமாக இருக்கும் அந்தப் பதினைந்து, இருபது நிமிடத்தில் வீட்டு விளக்கும் வானமும் ஒரே அளவுக்கு வரும். அறைகளில் எல்லாம் விளக்கைப் போடு. கொஞ்சம் குறைத்து ஒன்று, சரியாக ஒன்று, கூட்டி ஒன்று என ஒவ்வொரு கோணத்திலும் மூன்று படம் எடு. ட்ரைபாடின் கால்கள் படத்தில் வரும், அதனால் கால்களை விரிக்காமல் ஒடுக்கி வை, அல்லது உட்காருகிற முக்காலி ஒன்றின் மேல் கேமராவை வைத்தாலே போதும்.

பிறகு வாசலில் நில். திண்ணை, நடை, முற்றம், பின்கட்டு, கொல்லைக் கதவு எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கிற வீடாக இருந்தால், எல்லாக் கதவையும் திறந்து வைத்து, அந்தக் கோட்டைப் படத்தின் நடுவில் வை. கேமரா உன் இடுப்பு உயரத்தில். வீதியிலிருந்து கொல்லை வரை கண் தடையில்லாமல் போகும்.

காலி வீட்டை மட்டும் எடுக்காதே. பாட்டியை அவர் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்காரச் சொல். முகத்துக்குக் கிட்டே போகாதே, ஒன்றரை மீட்டர் தள்ளி, அவர் சாய்கிற தூணும் சேர்ந்து வரும்படி லென்ஸை வை. அந்தத் தூணில் கை பட்டுப் பட்டு வழவழப்பான இடம் ஒன்று இருக்கும். அதற்கு ஒரு சாண் தூரத்தில் போய் எடு. ஆட்டுக்கல், உயரம் குறித்த பென்சில் கோடுகள், கதவின் பித்தளைக் குமிழ், இவற்றுக்கும் அப்படியே. கிட்டே ஒரு பொருள், பின்னால் வீடு முழுவதும். ஒவ்வொரு படத்திலும் அப்படி வரட்டும்.

பத்திரம் பதிவதற்குள் ஒரு மழை நாள் கிடைத்தால், அன்று கட்டாயம் எடு. நாலு ஓட்டு முனையிலிருந்தும் தண்ணீர் முற்றத்தில் விழுகிற சத்தத்தைப் படத்தில் கொண்டுவர முடியாது, விழுகிற நூலைக் கொண்டுவரலாம். வேகம் 1/30 வைத்தால் நூலாக விழும், 1/500 வைத்தால் முத்தாக விழும். இரண்டும் எடு. தாழ்வாரத்தின் விளிம்பில் உட்கார்ந்துகொள், லென்ஸ் அகலமாகப் பார்ப்பதால் குடை பிடித்தால் குடையும் வரும். எடுக்கும் நேரம் மட்டும் குடையை விலக்கச் சொல்லி அம்மாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்.